சத்தம் வராத லினக்ஸ்: சவுண்ட் கார்டு அனுமதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் சின்னதாக ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருபவற்றில் பழைய அரசு மடிக்கணினிகள் நிறைய. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது நினைவிருக்கும். இப்போது அவற்றில் டெபியன், உபுண்டு, மின்ட் என்று லினக்ஸ் வகைகளில் எது இழுக்குமோ அதைப் போட்டு ஓட்டுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, வீட்டில் கிடப்பில் போட்ட கணினிகளெல்லாம் தூசி தட்டப்பட்டு கடைக்கு வரும். கூடவே இந்தக் கேள்விகளும் வரும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

ஒரு விஷயம். கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே தமிழில் உச்சரித்து எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் பாட்டு ஓடுச்சு. காலையில சத்தமே இல்ல. இது பெர்மிஷன் பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. ஒலி ஊமையாக்கப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் சத்தம் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போய்க்கொண்டிருக்கும். ‘அல்சாமிக்சர்’ என்று தட்டிப் பாருங்கள். எந்தத் தூணின் அடியிலாவது ‘எம்எம்’ என்று இருந்தால் அது ஊமை. அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையை அழுத்தினால் இரண்டு வட்டமாக மாறும். வேறு கார்டைப் பார்க்க எஃப்6.

அனுமதிப் பிரச்சினைக்குத் தனி அடையாளம் உண்டு. கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டச் சொல்வது) போட்டால் பாடும், போடாவிட்டால் பாடாது. அல்லது அப்பா லாகினில் பாடும், மகள் லாகினில் பாடாது. ஆளைப் பொறுத்துச் சத்தம் வருவதும் வராததுமாக இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். யார் உட்கார்ந்தாலும் சத்தம் இல்லை என்றால் கடைசிக் கேள்விக்குப் போய்விடலாம்.

கார்டு இருக்கா இல்லையான்னே தெரியலயே, அதை எப்படிப் பாக்குறது?

இரண்டு கட்டளை போதும். முதலாவது: ‘கேட்’, ஒரு இடைவெளி, ‘ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் அசவுண்ட் ஸ்லாஷ் கார்ட்ஸ்’. இந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அனுமதி தேவையில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குத் தெரிந்த கார்டுகளின் பெயர் அதில் இருக்கும். இரண்டாவது: ‘ஏபிளே’, இடைவெளி, ‘ஹைஃபன் எல்’. இது கார்டைத் திறந்து பார்த்துப் பட்டியல் போடும். திறக்க அனுமதி வேண்டும்.

இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலாவதில் கார்டு பெயர் வருகிறது, இரண்டாவது ‘நோ சவுண்ட்கார்ட்ஸ் ஃபவுண்ட்’ என்கிறது என்றால் கார்டு நலமாக இருக்கிறது, உங்களுக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது. இரண்டிலும் இல்லை என்றால் அது டிரைவர் அல்லது ஃபர்ம்வேர் (கார்டை இயக்கும் நிரல்கள்) சமாச்சாரம். இரண்டிலும் கார்டு வந்தால் கார்டின் அனுமதியைச் சந்தேகப்படாதீர்கள். இந்த ஒப்பீட்டைச் செய்யாமலே பாதிப் பேர் அனுமதியை மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள்.

என் கம்ப்யூட்டர், என் காசு. என்கிட்டயே எதுக்கு அனுமதி கேக்குது?

படகு நம்முடையதுதான். ஆனாலும் கடலுக்குள் போக மீன்வளத் துறையில் டோக்கன் வாங்குகிறோம் இல்லையா? அதே கதைதான். லினக்ஸில் சவுண்ட் கார்டும் ஒரு கோப்பாகவே தெரியும். ‘ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்என்டி’ என்ற அடைவுக்குள் ‘கன்ட்ரோல்சி0’, ‘பிசிஎம்சி0டி0பி’ என்றெல்லாம் இருப்பவை அவைதான். கடைசியில் பி இருந்தால் ஒலிப்பது, சி இருந்தால் பதிவது. ‘எல்எஸ் ஹைஃபன் எல்’ போட்டுப் பார்த்தால் உரிமையாளர் ‘ரூட்’ (முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்கு), குழு ‘ஆடியோ’ என்று இருக்கும். ரூட்டும் அந்தக் குழுவினரும் படிக்கலாம், எழுதலாம். மற்ற யாருக்கும் ஒன்றும் கிடையாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், மைக்கும் இதே அடைவில்தான் இருக்கிறது. எல்லாருக்கும் திறந்துவிட்டால், இன்னொரு லாகினில் இருப்பவர் அல்லது வெளியிலிருந்து நுழைந்த ஏதோ ஒரு நிரல் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருக்கலாம். நாம் பாட்டுக் கேட்கும் கதவை நினைக்கிறோம், லினக்ஸ் நம்மை ஒட்டுக்கேட்கும் கதவை நினைக்கிறது.

எல்எஸ் போட்டா கடைசியில ஒரு கூட்டல் குறி வருது. அது என்ன வைரஸா?

வைரஸ் இல்லை, அதுதான் உங்கள் டோக்கன். குழு, உரிமையாளர் கணக்கு போக, குறிப்பிட்ட ஆளுக்குத் தனியாக அனுமதி கொடுத்திருப்பதை அந்தக் கூட்டல் குறி காட்டுகிறது. ‘கெட்எஃப்ஏசிஎல்’ என்று தட்டி, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் யாருக்கு என்று தெரியும். உங்கள் பயனர் பெயரும் பக்கத்தில் ‘ஆர்டபிள்யூ’வும் இருந்தால் உங்களுக்குத்தான்.

இதைக் கொடுப்பது சிஸ்டம்டி-லாகின்டி என்ற சேவை. கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, திரையில் லாகின் செய்து, இப்போது யார் பயன்படுத்துகிறாரோ அவருக்குக் கொடுக்கும். அவர் லாகினிலிருந்து வெளியேறினாலோ, திரை வேறு லாகினுக்கு மாறினாலோ திரும்ப வாங்கிக்கொள்ளும். ‘லாகின்சிடிஎல்’ என்று தட்டினால் உங்கள் பெயருக்கு நேரே ‘சீட்0’ என்று இருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால், உங்களை அது முன்னால் உட்கார்ந்த ஆளாகக் கருதவில்லை என்று பொருள். எக்ஸ்ஆர்டிபி, விஎன்சி மாதிரி தொலைவிலிருந்து திரையை எடுப்பவர்களுக்கு இப்படித்தான் நடக்கும்.

யூடியூப்ல எல்லாரும் ஆடியோ குரூப்ல சேரச் சொல்றாங்களே. சேரலாமா?

அவசரப்படாதீர்கள். டெபியன் 8, உபுண்டு 15.04 எல்லாம் 2015இல் சிஸ்டம்டிக்கு (மேலே சொன்ன லாகின்டி இதன் ஒரு பகுதி) மாறின. அதற்கு முந்திய காலத்து ஆலோசனைதான் இன்னும் காணொளிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன டோக்கன் உங்களுக்குக் கிடைக்கிறது என்றால் குழுவில் சேர வேண்டிய தேவையே இல்லை. டெபியனை நிறுவும்போது முதல் பயனரை அதுவே குழுவில் சேர்த்துவிடும், அது வேறு.

குழுவில் சேர்ந்தவருக்கு டோக்கன் முறை பொருந்தாது. அவர் வெளியேறினாலும், இன்னொருவர் உட்கார்ந்திருந்தாலும், கார்டும் மைக்கும் அவர் கைக்கு எட்டும். வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் கணினியென்றால் பரவாயில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் எல்லாரையும் சேர்த்து வைத்துவிட்டு, ஒரு பையன் பின்வரிசையிலிருந்து இன்னொரு கணினியில் சத்தம் போட்டுக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். சேர்த்ததும் நான்தான்.

சேர்த்துட்டேன் சார், ஒண்ணுமே மாறல.

லாகின் செய்யும்போதுதான் குழுப் பட்டியல் படிக்கப்படும். முழுவதுமாக வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. நம்பிக்கை இல்லையென்றால் கணினியையே மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு ‘ஐடி’ என்று தட்டினால் பட்டியலில் ‘ஆடியோ’ இருக்கும்.

சேர்த்ததுக்கு அப்புறம் சூடோவே வேலை செய்யல. அய்யோ, என்ன பண்ணிட்டேன்?

‘யூசர்மாட்’ கட்டளையில் ‘ஹைஃபன்’ போட்டு சின்ன ஏ, பெரிய ஜி இரண்டும் சேர்த்துத் தட்ட வேண்டும். நீங்கள் ஏ எழுத்தை விட்டுவிட்டீர்கள். அந்த ஏ இல்லாவிட்டால் ‘இந்தக் குழுவிலும் சேர்’ என்பது ‘இந்தக் குழுவில் மட்டும் இரு’ என்று ஆகிவிடும். சூடோ குழுவிலிருந்தும் உங்களை நீக்கியாயிற்று.

இன்னும் வெளியேறாமல் பழைய டெர்மினல் திறந்திருந்தால் நல்லது, மூடாதீர்கள். அதில் சூடோ இன்னும் கேட்டாலும் கேட்கும், உடனே சூடோ குழுவில் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உபுண்டு, மின்ட்டில் தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் ரெகவரி மோடைத் தேர்ந்து, ரூட் ஷெல்லுக்குள் போய், ‘மவுன்ட் ஹைஃபன் ஓ ரீமவுன்ட் காற்புள்ளி ஆர்டபிள்யூ ஸ்லாஷ்’ கொடுத்து வட்டை எழுதத்தக்கதாக்கி, அங்கிருந்து சேர்க்க வேண்டும். இனிமேல் ‘சூடோ ஆட்யூசர்’, உங்கள் பெயர், ‘ஆடியோ’ என்று கொடுங்கள். டெபியன் குடும்பத்தில் அது ஆபத்தில்லாத வழி. எழுத்துப் பிழையால் யாரையும் வெளியே தள்ளாது.

சூடோ போட்டா நல்லாப் பாடுது. அப்படியே ஓட்டிக்கிட்டா என்ன?

ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம், வழக்கமாக்கக் கூடாது. காரணம் இரண்டு. பாட்டுச் செயலிக்கு ரூட் அதிகாரம் கொடுப்பது, மீன் வாங்க வந்தவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுப்பது மாதிரி. அதைவிட, நாளைக்கு வரப்போகும் கோளாறை இன்றைக்கே விதைக்கிறீர்கள்.

சூடோவில் ஓடிய செயலி சில சமயம் உங்கள் ஹோம் அடைவுக்குள் தன் கோப்புகளை ரூட் பெயரில் எழுதிவிடும். ‘புள்ளி கான்ஃபிக் ஸ்லாஷ் பல்ஸ்’ என்ற அடைவு அதில் முக்கியமானது. அடுத்த முறை சாதாரணமாகத் தொடங்கும்போது பல்ஸ் ஆடியோ என்ற ஒலிச் சேவையால் தன் கோப்பையே திறக்க முடியாது. ‘பெர்மிஷன் டினைட்’ என்று திட்டும். கார்டில் ஒரு குறையும் இருக்காது. கடைக்கு வரும் உண்மையான அனுமதிப் பிரச்சினைகளில் இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், எல்லாமே சூடோவால் வந்தவை.

ஹோம் அடைவில் ‘எல்எஸ் ஹைஃபன் எல்ஏ புள்ளி கான்ஃபிக்’ போட்டுப் பாருங்கள். ரூட் பெயர் இருக்கிறதா? ‘சூடோ சிஎச்ஓன்’, இடைவெளி, ஹைஃபனும் பெரிய ஆரும், இடைவெளி, உங்கள் பெயர், முக்காற்புள்ளி, மறுபடி உங்கள் பெயர், இடைவெளி, அந்த அடைவின் முழுப் பாதை. பைப்வயர் என்ற புதிய ஒலிச் சேவை இருக்கும் கணினியில் ‘புள்ளி லோக்கல் ஸ்லாஷ் ஸ்டேட் ஸ்லாஷ் வயர்ப்ளம்பர்’ என்பதையும் பாருங்கள். வெளியேறி உள்ளே வந்தால் சரியாகிவிடும்.

சிமோட் 777 போட்டேன், வந்துச்சு. ரீஸ்டார்ட் பண்ணா மறுபடி போயிடுது, ஏன்?

சிமோட் 777 என்றால் எல்லாருக்கும் எல்லா அனுமதியையும் திறந்துவிடுவது. போனது உங்கள் நல்ல காலம். ‘டெவ்’ அடைவு வட்டில் இருப்பதில்லை. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் புதிதாக உண்டாகும். நீங்கள் அங்கே செய்த மாற்றம் மணலில் எழுதியது மாதிரி, அடுத்த அலை வரைக்கும்தான். மைக்கைப் பற்றி மேலே சொன்னதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் லாகின்ல பாடுது. மகள் லாகினுக்கு மாத்தினா பாடல. ரெண்டு பேரையும் வெளியேத்தாம ஓட்ட முடியாதா?

முடியும், ஆனால் மாறி மாறித்தான். நம் பக்கம் வாரத்தில் சில நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று வைத்திருப்பது போல, திரை யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் கடல். மகள் லாகினுக்கு மாறியதும் டோக்கன் அவளுக்குப் போக வேண்டும்.

அப்படியும் பாடவில்லை என்றால் நீங்கள் ஆடியோ குழுவில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால், பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் பாட்டுச் செயலி கார்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ‘ஜிபாஸ்டபிள்யூடி’, இடைவெளி, ஹைஃபன் டி, உங்கள் பெயர், ஆடியோ என்று சூடோவோடு கொடுத்துக் குழுவிலிருந்து விலகுங்கள். அதிகம் சேர்வதால் வரும் பிரச்சினை என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ன்னு வருது. இதுவும் அதேதானா?

இல்லை. இது ‘உள்ளே வராதே’ என்பதல்ல, ‘ஆள் இருக்கிறது’ என்பது. ‘சூடோ ஃப்யூசர் ஹைஃபன் வி ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்என்டி ஸ்லாஷ் நட்சத்திரக்குறி’ என்று கொடுத்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். பைப்வயர், பல்ஸ் ஆடியோ, வயர்ப்ளம்பர் என்று வந்தால் அது இயல்பு. டிமிடிட்டி என்ற மிடி நிரல் பின்னணியில் சேவையாக ஓடிக்கொண்டு கார்டைப் பிடித்திருப்பது பழைய கணினிகளில் சகஜம். தேவையில்லாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

‘டம்மி அவுட்புட்’னு மட்டும் காட்டுது?

ஒலிச் சேவைக்கு ஒரு கார்டும் கிடைக்காததால் தானே ஒரு பொம்மைக் கார்டை வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாம் பதிலில் உள்ள ஒப்பீட்டைச் செய்யுங்கள். அனுமதி இல்லை என்றாலும் டம்மிதான், கார்டே இல்லை என்றாலும் டம்மிதான். சமீப வருட இன்டெல் மடிக்கணினி என்றால் எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம். டெபியனில் ‘ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்ட்’ என்ற தொகுப்பைப் போட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

பாட்டு வருது, ஆனா ஆன்லைன் கிளாஸ்ல நான் பேசுறது கேக்கலைன்னு சொல்றாங்க.

மைக்குக்கு இன்னும் இரண்டு காவல் இருக்கிறது. உலாவி தனியாக அனுமதி கேட்கும். முதல் நாள் அவசரத்தில் ‘பிளாக்’ அழுத்தியிருப்பீர்கள். முகவரிப் பட்டையின் இடது ஓரக் குறியைச் சொடுக்கினால் மாற்றலாம். ஆடாசிட்டி மாதிரி ஒலிப்பதிவுச் செயலியை ஸ்னாப் என்ற தொகுப்பு முறை வழியாக நிறுவியிருந்தால், பதிவு செய்யும் உரிமையைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்: ‘சூடோ ஸ்னாப் கனெக்ட் ஆடாசிட்டி முக்காற்புள்ளி ஆடியோ-ரெகார்ட்’. ஃப்ளாட்பேக் என்ற இன்னொரு முறை என்றால் ஃப்ளாட்சீல் என்ற செயலியில் பொத்தானைத் தட்டினால் போதும்.

எங்க சர்ச்ல கீபோர்டை லினக்ஸோட இணைச்சிருக்கோம். ஜாக் ‘கேனாட் லாக் மெமரி’ன்னு சொல்லுது.

ஆடியோ குழுவில் சேர உண்மையான காரணம் உள்ளவர்கள் நீங்கள்தான். ஜாக் என்பது இசைக்கலைஞர்களுக்கான ஒலிச் சேவை. இசைக்கு முன்னுரிமை நேரமும், பூட்டி வைத்த நினைவகமும் வேண்டும். டெபியனில் ‘ஜாக்டி2’ தொகுப்பை நிறுவும்போது இதைக் கேட்கும், ‘யெஸ்’ சொல்லுங்கள். ‘நோ’ சொல்லியிருந்தால் ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஜாக்டி2’ போட்டால் மறுபடி கேட்கும். குழுவில் சேர்ந்து, வெளியேறி, உள்ளே வாருங்கள்.

தம்பி, விடிகாலை அஞ்சு மணிக்குக் காத்து, அலை எச்சரிக்கையை ஸ்பீக்கர்ல தானா ஒலிக்க வைக்கணும். சாயங்காலம் சோதிச்சப்ப ஒலிச்சுது, காலையில ஒலிக்கவே இல்ல. ரெண்டு வாரமா மண்டை காயுது.

ஒரு மீனவர் சங்கக் கட்டடத்திலிருந்து வந்த கேள்வி. எனக்கும் ஒரு வாரம் மண்டை காய்ந்தது. அமைப்பு எல்லாம் சரி. குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரான் என்ற சேவை சரியாக ஐந்து மணிக்குக் கட்டளையை ஓட்டியது. பிறகுதான் புரிந்தது: சாயங்காலம் சோதிக்கும்போது பெரியவர் திரையில் லாகின் செய்து உட்கார்ந்திருந்தார். டோக்கன் அவர் பெயரில் இருந்தது, அதே பெயரில் ஓடிய கிரானும் அதைப் பயன்படுத்திக்கொண்டது. இரவு வெளியேறிவிட்டுப் போனதும் டோக்கன் போயிற்று. விடிகாலையில் முன்னால் ஆள் இல்லை. எஸ்எஸ்எச் என்ற தொலைவு லாகின் வழியாக வீட்டிலிருந்து ஒலிக்க வைக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இந்த வேலைக்குக் குழுதான் சரி. ‘அறிவிப்பு’ என்ற பொருளில் தனியாக ஒரு பயனரை உண்டாக்கி, அவரை மட்டும் ஆடியோ குழுவில் சேர்த்து, அவர் கிரானில் வேலையை வையுங்கள். ஒலிக்கோப்பை வேவ் வடிவில் வைத்து, ‘ஏபிளே’, இடைவெளி, ஹைஃபனும் பெரிய டியும், இடைவெளி, ‘ப்ளக்எச்டபிள்யூ முக்காற்புள்ளி 0 காற்புள்ளி 0’, பிறகு கோப்பின் முழுப் பாதை என்று நேரடியாகக் கார்டுக்கு அனுப்புங்கள். இடையில் பைப்வயரைத் தேடாது. யுஎஸ்பி சவுண்ட் கார்டு என்றால் எண்ணை நம்பாதீர்கள், மின்சாரம் போய் வந்தால் 0 என்பது 1 ஆகிவிடும். ‘ஏபிளே’, ஹைஃபனும் பெரிய எல்லும் போட்டால் வரும் பட்டியலில் ‘ப்ளக்எச்டபிள்யூ’ என்று தொடங்கும் வரியில் கார்டின் பெயரே இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள். லாகின் செய்யாமலே பைப்வயர் ஓட வேண்டுமென்றால் ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ இருக்கிறது, ஆனால் அது டோக்கன் தராது. அப்போதும் குழு வேண்டும்.

எல்லாம் பாத்தாச்சு. கூட்டல் குறி இருக்கு, ஏபிளே கார்டு காட்டுது, ஊமையும் இல்ல. ஆனா ஸ்பீக்கர்ல சத்தம் இல்ல.

ஹெட்போன் செருகும் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா? கடற்கரையிலிருந்து நூறு அடியில் வீடு, ஜன்னலோரம் மேஜை என்றால் உப்புக்காற்று அதைத்தான் முதலில் தின்னும். உள்ளே இருக்கும் தொடுமுனை அரித்துப்போனால், ஹெட்போன் செருகாமலே செருகியிருப்பதாகக் கணினி நினைத்து ஸ்பீக்கரை அணைத்துவிடும். அல்சாமிக்சரில் ‘ஆட்டோ-மியூட் மோட்’ என்று ஒரு தூண் இருந்தால் அதை ‘டிசேபிள்டு’ ஆக்குங்கள். ஸ்பீக்கர் தூணின் ஊமையையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். சத்தம் வந்தால் குற்றவாளி துளைதான்.

கணினியை அணைத்துவிட்டு, ஹெட்போன் முனையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு நாலைந்து முறை செருகி எடுத்து, நன்றாகக் காய விட்டுத் தொடங்குங்கள். தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தார் ஒருவர். அந்தத் துளையை நான் மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.